முழங்காலை ஒட்டிய நீர்க்கட்டி: ஊசியால் உறிஞ்சும் முன் தெளிய வேண்டியவை

குடியாத்தம் நெசவாளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 34. குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்கிறான். அவனுடைய இடது முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறத்தில் கைக்கு உருண்டையாகத் தட்டுப்படும் எலும்பு முனையை ஒட்டி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு வீக்கம் சில மாதங்களாக இருக்கிறது. அழுத்தினால் கெட்டியாகத் தெரிகிறது. தோல் சிவக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. நாள் முழுவதும் தறியில் உட்கார்ந்து எழுந்த மாலைகளில் பெருத்தும், வேலை இல்லாத நாட்களில் சிறுத்தும் காணப்படுகிறது.

உள்ளூரில் பார்த்த மருத்துவர் இது கேங்கிலியான் என்னும் நீர்க்கட்டி, ஆபத்தில்லாதது, தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம் என்றார். வேலூரில் பார்த்த மற்றொருவர், ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிடலாம், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். உறவினர்கள் சிலரோ கனமான ஒன்றால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் உடைந்து கரைந்துவிடும் என்கிறார்கள். தறி நின்றால் கூலியும் நின்றுபோகும் வீடு எங்களுடையது. ஆகவே எது சரியான வழி என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இதனோடு தொடர்பு உண்டோ இல்லையோ, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாட்களாக நடக்கும்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்றுபோகிறது என்று தம்பி சொல்கிறான்.

காட்பாடி பிசியோ எழுதியது:

வணக்கம் அண்ணா. முதலில் கட்டியைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டு, தாங்கள் கடைசியாக எழுதிய செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். என் பார்வையில் தங்கள் பதிவிலேயே முக்கியமான வரி அதுதான்.

கேங்கிலியான் என்பது மூட்டையோ தசைநாணையோ ஒட்டி உருவாகும் ஒரு பை. அதற்குள் பிசுபிசுப்பான, தெளிந்த கூழ் நிறைந்திருக்கும். மூட்டுகளில் இயல்பாகவே உள்ள ஹயலுரானிக் அமிலம் செறிந்து கிடப்பதால்தான் அந்தக் கெட்டித்தன்மை. பெரும்பாலும் மூட்டோடு ஒரு மெல்லிய காம்பு வழியாக அது இணைந்திருக்கும். மூட்டில் அழுத்தம் கூடும்போது நீர் காம்பு வழியாகப் பைக்குள் புகுந்துவிடும், திரும்பி வருவது கடினம். உழைத்த நாளில் பெருப்பதும் ஓய்வில் சிறுப்பதும் இதனால்தான். இவ்வகைக் கட்டிகளில் பத்தில் ஆறேழு மணிக்கட்டின் பின்புறத்தில் வருபவை. முழங்காலில் வருவது குறைவு என்பதால், மணிக்கட்டுக் கட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணோடு முழங்கால் கட்டியையும் எடைபோட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

இப்போது செருப்பு. தம்பியின் வீக்கம் இருப்பதாகத் தாங்கள் குறிப்பிடும் எலும்பு முனை, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஓடும் ஃபிபுலா எலும்பின் தலை. அதற்குச் சற்றுக் கீழே எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு வெகு அருகில், பெரோனியல் நரம்பு முன்பக்கம் வருகிறது. பாதத்தையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்குவது இந்த நரம்பின் வேலை. அது நசுங்கினால் முதலில் பலருக்கும் வலி தெரியாது. செருப்பு நழுவுவதும், வாசற்படியில் கால் நுனி தட்டுவதும், ஒரு கால் செருப்பின் முன்முனை மட்டும் சீக்கிரம் தேய்வதும்தான் தெரியும்.

தயவுசெய்து இன்றே வீட்டில் மூன்றைப் பாருங்கள். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி இரண்டு பெருவிரல்களையும் மேலே தூக்கச் சொல்லி, தங்கள் விரலால் அவற்றைக் கீழே அழுத்திப் பாருங்கள். இரு கால்களுக்கும் வேறுபாடு உண்டா? அடுத்து, குதிகாலால் மட்டும் சில அடிகள் நடக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக, பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையிலுள்ள தோலில் பஞ்சால் தொட்டு, அடுத்த காலில் தொடுவது போலவே தெரிகிறதா என்று கேளுங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதுவரை ஊசியும் வேண்டாம், தட்டுவதும் வேண்டாம்.

ஆரணிப் பட்டு எழுதியது:

எனக்கும் முழங்காலில் நீர்க்கட்டி இருக்கிறது. ஆனால் அது முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில் இருக்கிறது. வயது 56. மூட்டுத் தேய்மானம் என்று ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு வருகிறேன். நின்றால் கட்டி விறைப்பாகவும், காலை மடக்கினால் தளர்ந்தும் தெரிகிறது. ஸ்கேன் செய்தவர் பேக்கர் கட்டி என்று எழுதிக் கொடுத்தார். இதுவும் தம்பிக்கு வந்திருப்பதும் ஒன்றேதானா? எனக்கும் நரம்பு பாதிக்கப்படுமா என்று கவலையாக இருக்கிறது. கிரிவலம் போகலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

வாலாஜா எலும்பியல் மருத்துவர் எழுதியது:

வணக்கம். அம்மாவின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது. முழங்காலைச் சுற்றி வரும் எல்லா வீக்கத்தையும் நீர்க்கட்டி என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். எந்த இடத்தில் இருக்கிறது, எங்கிருந்து நீர் வருகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சையைப் பேசுவதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து.

அம்மாவுக்கு இருப்பது முழங்கால் மூட்டின் நீரே பின்புறமாகப் பிதுங்கி வந்திருப்பது. கெண்டைக்கால் தசையின் உட்புறத் தலைக்கும் தொடையின் பின்தசைநாண் ஒன்றுக்கும் இடையே அதற்கு ஒரு வழி இருக்கிறது. வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1877இல் இதை விவரித்ததால் அவர் பெயர் நிலைத்தது. பெரியவர்களுக்கு வரும்போது அதன் பின்னால் ஏறக்குறைய எப்போதும் மூட்டுத் தேய்மானமோ, ஜவ்வுக் கிழிசலோ, முடக்குவாதமோ இருக்கும். மூட்டைக் கவனித்தால் கட்டி தானாக அடங்கும். கட்டியை மட்டும் அறுத்தால் மூட்டு மீண்டும் அதை நிரப்பும். நரம்பை அழுத்துவது இதில் அரிது. அம்மா அறிந்திருக்க வேண்டியது வேறொன்று. இக்கட்டி சில நேரங்களில் உடைந்து, நீர் ஆடுசதைக்குள் இறங்கிவிடும். திடீரென ஆடுசதை வீங்கி, சிவந்து, கடுமையாக வலிக்கும். காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்தாலும் இதே தோற்றம்தான் இருக்கும், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே அப்படி ஒன்று நேர்ந்தால், கட்டிதான் உடைந்தது என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் அன்றைக்கே, நாளங்களில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வீக்கமும் வலியும் கூடியிருக்கும் காலத்தில் அதைத் தவிர்த்து, மூட்டு அடங்கியபின் தொடைத் தசைகளை வலுப்படுத்திக்கொண்டு போவது நல்லது.

மூட்டின் கோட்டிலேயே, பெரும்பாலும் பக்கவாட்டில், சிறிய கெட்டியான வீக்கமாக வருவது மெனிஸ்கஸ் கட்டி. நம்மூரில் ஜவ்வு என்று சொல்கிறோமே, அந்தக் குருத்தெலும்பு கிடைமட்டமாகப் பிளந்திருக்கும். பிளவு வழியாக மூட்டு நீர் வெளியே கசிந்து தேங்கும். இங்கே ஜவ்வைச் சரிசெய்யாமல் கட்டியைத் தொடுவது வீண். முழங்கால் சில்லுக்கு நேர் முன்னால் தோலடியில் தளதளவென்று வருவது, முட்டி போட்டு வேலை செய்பவர்களுக்கு வரும், பர்சா என்னும் நீர்ப்பையின் வீக்கம். தரை மெழுகுபவர்கள், ஓடு பதிப்பவர்களிடம் பார்க்கலாம்.

முழங்கால் மடிப்பில் கை வைத்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து விரியும் வீக்கம் ஒன்று உண்டு. அது இரத்தக் குழாய் விரிவு. முதியவர்களில், குறிப்பாக நீண்டகாலம் புகைபிடித்த ஆண்களில் வரும். அதை நீர்க்கட்டி என்று எண்ணி ஊசி போட்டால் விளைவு மிக மோசமாக இருக்கும். எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்காமல் முழங்காலின் பின்புறத்தில் ஊசி நுழைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தம்பியின் வீக்கம் இருக்கும் இடம் இவை எதிலும் சேராது. காலின் இரண்டு எலும்புகளும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒன்றோடொன்று சேரும் சிறு மூட்டு ஒன்று உண்டு. அங்கிருந்து வரும் கேங்கிலியானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிலருக்கு அந்தச் சிறு மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் இடையே வழியும் இருக்கும். நரம்பு அங்கேயே ஓடுவதால், காட்பாடி நண்பர் கேட்ட மூன்று சோதனைகளின் விடை தெரிந்தபின் எழுதுகிறேன்.

வாணியம்பாடி எழுதியது:

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படிப்பட்ட கட்டிக்கு மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பத்துப் போட்டு, உப்பு ஒத்தடம் கொடுப்பார்கள். சில வாரங்களில் கரைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுக் கட்டுப் போடுபவர்களிடம் போனாலும் பலன் உண்டு. அதையும் முயன்று பார்க்கலாமே.

பாலாற்றங்கரை எழுதியது:

வாணியம்பாடி நண்பர் சொல்வது அக்கறையோடு சொன்னது என்பதில் ஐயமில்லை. கேங்கிலியான் எதுவும் செய்யாமலேயே சுருங்கி மறைவது உண்டு, ஆகவே பத்துப் போட்ட வாரங்களில் அது மறைந்திருக்கலாம். தோலின் மேல் பூசும் பத்து மூட்டின் காம்பு வரை போய்ச் சேராது. புண் இல்லாத தோலில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒத்தடத்தைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வடார்க்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் தொழுநோய்க் களப்பணியில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். உணர்ச்சி குறைந்த காலில் சூடான ஒத்தடம் கொடுத்தால், சூடு தெரியாமல் தோல் வெந்து கொப்புளமாகிப் புண்ணாகும். அப்படி வந்த புண்களை எத்தனையோ கால்களில் பார்த்திருக்கிறேன். தம்பியின் விரல்களில் மரத்த தன்மை இருக்கிறதா என்று தெரியும்வரை ஒத்தடம் வேண்டாம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் அடியிலுள்ள நரம்பை எலும்போடு வைத்து நசுக்குவதாகவே முடியும்.

இந்தப் பகுதியில் வாழும் எவரும் மறக்கக் கூடாத இன்னொன்று, இதே ஃபிபுலா கழுத்தில் இதே நரம்பு தொழுநோயிலும் தடித்து வீங்கும் என்பது. முழங்காலுக்கு வெளியே கயிறு போல உருளும் நரம்பைத் தேடித் தொட்டுப் பார்ப்பது எங்களுக்கு முதல் பாடம். சில நேரங்களில் நரம்புக்குள் சீழ் போன்ற பொருள் தேங்கி, அது ஒரு கட்டியாகவே தோன்றும். பாதம் தொங்கிப்போன நோயாளிகளுக்கு, உள்கணுக்கால் பக்கமுள்ள தசைநாணை முன்பக்கம் மாற்றித் தைத்துப் பாதத்தை மீண்டும் தூக்கவைக்கும் அறுவையைக் கரிகிரியில் செய்து பார்த்த தலைமுறை எங்களுடையது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் முடங்கிய கைகால்களுக்கு மறுசீரமைப்பு அறுவையை இங்கே வளர்த்தெடுத்தார்கள். 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனை அந்த வழியில் நடந்து வந்திருக்கிறது.

நோய் இன்று மிகவும் குறைந்துவிட்டது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. ஆகவே, தம்பியின் உடலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் எங்காவது உண்டா, முழங்கையின் உட்புறத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட எதுவுமில்லை. இருந்தாலும் அஞ்ச வேண்டாம். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும். அண்மையில் தொடங்கிய நரம்புப் பலவீனத்துக்குத் தனியாக மருந்து உண்டு, அதைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

குடியாத்தம் நெசவாளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே பார்த்தோம். வலது பெருவிரலை என் முழு பலத்தோடு அழுத்தியும் தாழ்த்த முடியவில்லை. இடது பெருவிரலைச் சுண்டுவிரலாலேயே தாழ்த்திவிட்டேன். குதிகாலால் நடக்கச் சொன்னபோது இடது பாதத்தின் முன்பகுதி தரையில் பட்டுவிட்டது. பெருவிரல் இடுக்கில் பஞ்சு படுவது தெரிகிறது, ஆனால் துணிக்கு மேல் தொடுவது போல இருக்கிறது என்கிறான். தேமல் எதுவும் இல்லை. முழங்கை நரம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது.

தறியில் கூட உட்கார்ந்து கவனித்தேன். மிதிகட்டையை அழுத்துவதில் குறையே இல்லை. அழுத்திய பிறகு அடுத்த மிதிக்குப் பாதத்தை எடுத்து வைக்கும்போது, முழங்காலையே தூக்கித்தான் காலை நகர்த்துகிறான். இத்தனை நாள் அவனும் அதைக் கவனிக்கவில்லை, வீட்டில் நாங்களும் கவனிக்கவில்லை. அவனுக்கு இடுப்பு வலியும் அவ்வப்போது உண்டு. ஆகவே இது முதுகுத் தண்டு ஜவ்வு விலகியதால் வந்ததாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது?

காட்பாடி பிசியோ எழுதியது:

இடுப்பா முழங்காலா என்பதை ஓரளவு பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பாதத்தை உட்புறமாகத் திருப்பி, தங்கள் கையின் எதிர்ப்பை மீறித் தள்ளச் சொல்லுங்கள். இந்த அசைவைச் செய்யும் தசைக்கு வேறு நரம்பு வருகிறது. ஆனால் அதன் வேர், பாதத்தைத் தூக்கும் நரம்பின் வேரோடு இடுப்பில் ஒன்றாகவே கிளம்புகிறது. இடுப்பில் ஐந்தாம் வேர் நசுங்கினால் இரண்டு அசைவுமே தளரும். முழங்காலருகே மட்டும் நசுங்கினால், தூக்குவதும் வெளிப்புறம் திருப்புவதும் தளர்ந்தாலும், உட்புறம் திருப்பும் வலு அப்படியே இருக்கும். மிதிகட்டையை அழுத்தும் வலு குறையவில்லை என்று தாங்கள் எழுதியதை மட்டும் வைத்து இடுப்பா முழங்காலா என்று சொல்ல முடியாது. எனினும் இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றாகாது. நரம்பு கடத்தல் பரிசோதனை எந்த இடத்தில் தடை என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

வாலாஜா எலும்பியல் மருத்துவர் எழுதியது:

தம்பியின் நிலை இனிமேல் பொறுத்துப் பார்க்கலாம் என்ற வகையில் இல்லை. நரம்பில் பலவீனம் தொடங்கிவிட்ட கட்டியை ஊசியால் உறிஞ்சிவிட்டுக் காத்திருப்பதையும் நான் ஏற்கமாட்டேன். முழங்கால் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், எடுக்கும்போது ஃபிபுலா தலையும் கழுத்தும் படத்துக்குள் முழுமையாக வரும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். முழங்கால் எம்.ஆர்.ஐ. என்று மட்டும் எழுதினால் சில நேரங்களில் இந்தப் பகுதி ஓரத்தில் பாதியோடு நின்றுவிடுகிறது.

படத்தில் பார்க்க வேண்டியது, கட்டி நரம்புக்கு வெளியே இருந்து அதை அழுத்துகிறதா, அல்லது நரம்பின் உறைக்குள்ளேயே புகுந்திருக்கிறதா என்பது. இரண்டாவது வகை நீண்டகாலம் விளங்காத புதிராக இருந்தது. நரம்புக்குள்ளேயே பிறக்கும் கட்டி என்று நினைத்து, நரம்பைத் திறந்து கூழை வழித்தெடுத்துவிட்டு மூடிவிடுவார்கள். கட்டி மீண்டும் வரும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஸ்பின்னரும் அவருடைய குழுவினரும் 2003இல் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார்கள். பெரோனியல் நரம்பிலிருந்து அந்தச் சிறு மூட்டுக்கு மெல்லிய கிளை நரம்பு ஒன்று போகிறது. மூட்டின் உறையில் விரிசல் விழுந்தால், மூட்டு நீர் அந்தக் கிளையின் உறைக்குள் புகுந்து, மேல்நோக்கி ஊர்ந்து பெரிய நரம்பை அடைந்துவிடுகிறது. கிளையைக் கட்டித் துண்டிக்காமல் மேலே தேங்கிய கூழை மட்டும் எடுப்பது, ஊற்றை அடைக்காமல் கிணற்றை இறைப்பதுதான். ஆகவே இப்போது நரம்பின் அழுத்தத்தைத் தளர்த்துவதோடு அந்தக் கிளையைத் துண்டிக்கிறோம். சிறு மூட்டையும் கவனிக்கிறோம். பெரும்பாலும் அதன் பரப்பை நீக்கிவிடுவது வழக்கம். நடப்பதற்கும் நிற்பதற்கும் அதனால் பெரிய குறை வருவதில்லை.

உறிஞ்சி எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு, வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வந்துவிடுகிறது. உள்ளிருப்பது தண்ணீரல்ல, ஊசி நுனியிலிருந்து இழையாக நீளும் அளவுக்குக் கெட்டியானது. மெல்லிய ஊசியில் ஏறாது, தடித்த ஊசியே வேண்டும். ஃபிபுலா கழுத்தருகே தடித்த ஊசியைக் கண்மதிப்பில் நுழைப்பது நரம்பையே குத்திவிடக்கூடும். ஸ்டீராய்டு ஊசி சேர்த்துப் போட்டால் தோல் வெளிறி, அடிக்கொழுப்பு கரைந்து குழி விழலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். கனமான பொருளால் அடித்து உடைப்பதை எந்தக் கட்டிக்கும் செய்யக் கூடாது. இந்த இடத்தில் அடித்தால் நரம்பும் எலும்பும் ஒருசேரப் பாதிக்கப்படும்.

ஆம்பூர் வாசகர் எழுதியது:

நான் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். எனக்கு வெளியே கட்டி எதுவும் தெரியாது. ஆனால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்குள்ளே ஏதோ தடுப்பது போல வலிக்கிறது. கால் பிசகியதோ விழுந்ததோ இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முன் சிலுவைத் தசைநாரில் கேங்கிலியான் என்று எழுதியிருக்கிறார்கள். தசைநார் கிழிந்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது.

வாலாஜா எலும்பியல் மருத்துவர் எழுதியது:

கிழிந்ததாகப் பொருளில்லை. மூட்டுக்குள்ளே, சிலுவைத் தசைநார்களை ஒட்டியோ அவற்றின் இழைகளுக்கு இடையிலோ இக்கட்டி வருவது உண்டு. 1924இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வேறு காரணத்துக்காக எடுக்கும் முழங்கால் எம்.ஆர்.ஐ. படங்களில் நூற்றில் ஒன்று என்ற அளவில் தென்படுகிறது. பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. முழுவதும் மடக்கும்போதோ நீட்டும்போதோ தடுத்து வலித்தால் அது தொல்லை தரும் கட்டி. தங்களுக்கு மூட்டு நழுவும் உணர்வு இல்லையென்றால், தசைநார் உறுதியாக இருக்கிறதா என்று மருத்துவர் கையால் சோதித்தபின், ஆர்த்ராஸ்கோபி வழியாக, அதாவது சிறு துளையில் கேமரா நுழைத்து, கட்டியை மட்டும் நீக்கலாம். நரம்பு சார்ந்த கட்டியைப் போல அவசரம் இதில் இல்லை, திரும்ப வருவதும் குறைவு.

ராணிப்பேட்டை எழுதியது:

இந்த இழையைப் படித்தபின் என் அக்கா மகனுக்கு நேர்ந்ததை எழுதுவது கடமை என்று நினைக்கிறேன். கல்லூரி மாணவன். முழங்காலுக்கு மேல், உட்புறத்தில் ஒரு கட்டி. ஸ்கேன் எதுவும் இல்லாமல் நீர்க்கட்டி என்று சொல்லி, ஒரு மருத்துவமனையில் சிறு அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பவில்லை. ஓராண்டுக்குள் அதே இடத்தில் பெரிதாக வந்தது. அப்போது சதை எடுத்துப் பார்த்ததில் சைனோவியல் சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டாவது அறுவை மிகப் பெரியதாகப் போய்விட்டது. இப்போது நடக்கிறான், படிக்கிறான். முதல் தடவையே படம் எடுத்திருந்தால் இவ்வளவு சதையை இழந்திருக்க மாட்டான் என்ற வருத்தம் எங்கள் குடும்பத்துக்குத் தீரவில்லை.

நெறியாளர் எழுதியது:

ராணிப்பேட்டை நண்பருக்கு நன்றி. இவ்விழையில் குறைகூறும் நோக்கில் மருத்துவமனைகளின் பெயர்களையோ மருத்துவர்களின் பெயர்களையோ குறிப்பிட வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

வாலாஜா எலும்பியல் மருத்துவர் எழுதியது:

இது எல்லோரும் படிக்க வேண்டிய பதிவு. சைனோவியல் சார்கோமா இளம் வயதினரிடமே அதிகம் வருவது. முழங்காலைச் சுற்றிய பகுதி அதற்குப் பிடித்தமான இடங்களில் ஒன்று. மெதுவாக வளர்வதால் நீர்க்கட்டி போலவே ஏமாற்றும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, தசைக்கு அடியில் ஆழமாக இருப்பது, ஏற்ற இறக்கமின்றி வளர்ந்துகொண்டே போவது, இரவில் வலிப்பது, மூட்டின் கோட்டிலிருந்து விலகி இருப்பது ஆகிய எதுவாயினும் முதலில் படம் எடுக்க வேண்டும். இருட்டறையில் டார்ச்சை வைத்துப் பார்த்தால் நீர்க்கட்டி ஒளிரும் என்பது உண்மையே. ஆனால் ஆழத்தில் உள்ளவற்றுக்கு அது உதவாது. எம்.ஆர்.ஐ. படத்திலும் கூழ்த்தன்மை கொண்ட சில புற்றுக்கட்டிகள் நீர் போலவே வெளுத்துத் தெரியும். ஐயம் இருந்தால் நாளத்தில் சாய மருந்து செலுத்தி மறுபடி எடுக்க வேண்டும். நீர்க்கட்டியின் ஓரம் மட்டும் சாயம் ஏற்கும், உள்ளே ஏறாது. வெட்டி எடுத்த எந்தக் கட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விடக் கூடாது. அனுப்பினார்களா, அறிக்கை எங்கே என்று கேட்பது நோயாளியின் உரிமை.

குடியாத்தம் நெசவாளி எழுதியது:

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டோம். கட்டி நரம்பின் உறைக்குள்ளேயே, குழாய் போல மேலே ஏறியிருப்பதாகவும், சிறு மூட்டிலிருந்து வால் போன்ற இணைப்பு தெரிவதாகவும் அறிக்கை சொல்கிறது. நரம்பு கடத்தல் பரிசோதனையிலும் ஃபிபுலா கழுத்தில்தான் தடை என்று வந்திருக்கிறது. இடுப்பில் கோளாறு இல்லை. கிளை நரம்பைத் துண்டிப்பீர்களா என்று அறுவை மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அதைத்தான் செய்யப்போவதாகப் படம் வரைந்து விளக்கினார். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. இந்த அறுவைக்கு அது செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அறுவைக்குப் பிறகு பாதம் எவ்வளவு காலத்தில் எழும், எப்போது தறிக்குத் திரும்பலாம் என்பதைச் சொன்னால் வீட்டில் திட்டமிட உதவும்.

காட்பாடி பிசியோ எழுதியது:

நரம்பு வெறுமனே அழுந்தி மரத்திருந்தால் சில வாரங்களிலேயே வலு திரும்பத் தொடங்கும். உள்ளிழைகள் அறுந்திருந்தால், அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில்தான் வளரும். ஃபிபுலா கழுத்திலிருந்து, பாதத்தைத் தூக்கும் தசைக்குள் நரம்பு நுழையும் இடம் வரை உள்ள தொலைவை எண்ணினால், சில மாதங்கள் பொறுமை வேண்டும் என்பது விளங்கும். முழு வலு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கிவிடும். பலவீனம் தொடங்கிய சில மாதங்களுக்குள் தாங்கள் கண்டுபிடித்திருப்பது தம்பிக்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது.

அந்த இடைவெளியில் பாதம் தொங்கியபடியே இருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் பின்தசைநாண் சுருங்கி இறுகிவிடும். பிறகு நரம்பு பிழைத்தாலும் பாதம் எழாது. ஆகவே அறுவைக்கு முன்பிருந்தே, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை நீட்டியபடி தன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யட்டும். நடக்கும்போது பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கியைச் செருப்புக்குள் அணிய வேண்டும். பின்பட்டை உள்ள செருப்பாக வாங்குங்கள். உணர்ச்சி குறைந்திருப்பதால் ஒவ்வோர் இரவும் பாதத்தைப் பார்த்து, தாங்கி அழுத்திய சிவப்புத் தடம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

தறிக்குத் திரும்புவதை அறுவை செய்தவர் சொல்லும் காலத்துக்கு முன் தொடங்க வேண்டாம். திரும்பும்போது முதல் வாரங்களில் அரை நாள் போதும். சம்மணம் போட்டு நெடுநேரம் உட்காருவதையும், கால்மேல் கால் போடுவதையும் விட்டுவிடட்டும். இரண்டுமே அதே நரம்பை அதே இடத்தில் அழுத்துபவை. குழியின் விளிம்பு முழங்காலின் வெளிப்புறத்தில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால் அங்கே பழைய போர்வையை மடித்துக் கட்டிவிடுங்கள். உட்காரும் பலகையையும் சற்று உயர்த்தினால் முழங்கால் அவ்வளவு மடங்காது. மிதிகட்டையை வலது காலுக்கு அதிகமாகவும் இடது காலுக்குக் குறைவாகவும் மாற்றிக் கட்ட முடியுமா என்பது தறிக்காரராகிய தங்களுக்கே தெரியும். முடியுமென்றால், தம்பி மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.